ஒன்று கொடுத்தோம், இரண்டு என்கிறதே!

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

அடுத்த ஆண்டு மேல்நிலை வகுப்பில் கணிப்பொறி அறிவியல் எடுக்க எண்ணுவோர் நம்மில் பலர். தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலிலும் சரி, மத்திய வாரியப் பாடத்திட்டத்திலும் சரி, நமக்காகக் காத்திருப்பது பைத்தான் மொழி. நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1991-ஆம் ஆண்டு வெளியிட்ட மொழி இது. கற்க எளியது என்பர், எளியதுதான். ஆனால் 'கிளாஸ்' என்னும் பாடம் வந்ததும் ஒரு பிழைச்செய்தி நம்மை வெருட்டுகிறது. "இந்த மெத்தட் ஒரு மதிப்பைத்தான் ஏற்கும், இரண்டு தரப்பட்டுள்ளன" என்கிறது அது. நாம் கொடுத்ததோ ஒன்றே ஒன்று! இதற்கு அஞ்சி ஒரு பாடப்பிரிவையே கைவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு!

கிளாஸ் என்பது ஓர் அச்சு. பாடநூல் இதனை இனக்குழு என்று அழைக்கிறது. நம் நெய்வேலியையே எடுத்துக்கொள்வோம். இங்கே முதல் சுரங்கம், இரண்டாம் சுரங்கம், ஒன்று-ஏ சுரங்கம் என்று மூன்று உண்டு. மூன்றுக்கும் வேலை ஒன்றே. கணக்குப் புத்தகம் மட்டும் தனித்தனி. 'சுரங்கம்' என்பதைக் கிளாஸாக வைத்தால், அதிலிருந்து வார்த்த 'முதல்', 'இரண்டு' என்பவை பொருள்கள். வெட்டிய பழுப்பு நிலக்கரியைக் கணக்கில் ஏற்றும் 'வெட்டு' என்பது மெத்தட். (பெயர்களைத் தமிழிலேயே எழுதப் பைத்தானின் மூன்றாம் பதிப்பு இடந்தருகிறது. கிளாஸ், டெஃப் போன்ற மொழியின் சொந்தச் சொற்கள் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும்.)

முதல்.வெட்டு(500) என்று எழுதுகிறோம். நாம் கையால் கொடுத்தது 500 மட்டுமே. ஆனால் அதை எந்தச் சுரங்கத்தின் கணக்கில் ஏற்றுவது? ஆகவே புள்ளிக்கு முன்னால் நிற்கும் 'முதல்' என்ற பொருளையும் பைத்தான் தானாகவே முன்னிடத்தில் வைத்து அனுப்புகிறது. நியாயவிலைக் கடையில் நாம் "அரிசி பத்துக் கிலோ" என்று மட்டும் கேட்கிறோம்; கடைக்காரரோ முதலில் எந்தக் குடும்ப அட்டை என்று பதிந்துகொண்டுதானே அரிசியை எழுதுகிறார்? அதுபோலத்தான். எனவே டெஃப் வரியில் வெட்டு(டன்) என்றிருந்தால் வந்த இருவருக்கு ஒரு நாற்காலிதான். வெட்டு(தான், டன்) என்று திருத்தினால் பிழை தீர்ந்தது. ஆங்கிலத்தில் இந்த முதலிடத்துக்கு 'ஸெல்ஃப்' என்று எழுதுவது மரபு; சட்டமன்று. நம் 'தான்' என்ற சொல் இதற்கென்றே பிறந்ததுபோல் இல்லையா? ஆயினும் பிறர் படிக்கும் நிரலில் மரபைக் கைக்கொள்வதே நன்று.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: "டன் என்னும் மதிப்பு வரவில்லை" என்கிறது. 500 கொடுத்தோமே! இங்கே மேல்வரியைப் பார்க்க வேண்டும். முதல் = சுரங்கம்() என்பதற்குப் பதிலாக அடைப்புக்குறியின்றி முதல் = சுரங்கம் என்று இருக்கும். அப்படியானால் பொருள் எதுவும் வார்க்கப்படவில்லை. அச்சுக்கே இன்னொரு பெயர் சூட்டியிருக்கிறோம். தானாக அனுப்பப் பொருள் இல்லாததால் 500 போய் 'தான்' இடத்தில் உட்கார்ந்துகொள்ள, டன்னின் இடம் காலியாகிவிடுகிறது.

"சுரங்கம் எந்த மதிப்பையும் ஏற்காது" என்று வந்தால், 'இனிட்' என்ற பெயரின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் உள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்று மட்டும் இருந்தால் பைத்தான் அதை ஆக்கியாக அறிவதில்லை.

சத்தம் போடும் பிழைகள் நல்லவை என்பது என் கருத்து. வாய் திறவாதவையே பொல்லாதவை. பதி(தான், ஷிப்ட், டன்) என்று வைத்துவிட்டு முதல்.பதி(500, 2) என்று அழைத்தால் ஐந்நூறாவது ஷிப்டில் இரண்டு டன் என்று கணக்கு ஏறும், பிழைச்செய்தி வராது. முதல்.பதி(டன்=500, ஷிப்ட்=2) என்று பெயர் சொல்லிக் கொடுத்தால் வரிசை மாறினாலும் கவலையில்லை.

இன்னொன்று இதைவிடக் கள்ளமானது. இனிட் வரியில் ஏடு=[] என்று வெறும் பட்டியலை இயல்புமதிப்பாக எழுதி, அதையே தான்.ஏடு என்று வைத்துக்கொண்டால், முதல் சுரங்கத்தில் எழுதிய 500 இரண்டாம் சுரங்கத்தின் ஏட்டிலும் தெரியும்! டெஃப் வரி ஓடும்போது அந்தப் பட்டியல் ஒருமுறைதான் உண்டாகிறது. பிறகு வார்க்கப்படும் பொருள்கள் யாவும் அந்த ஒரே ஏட்டில் எழுதுகின்றன. ஏடு=நன் என்று மாற்றுங்கள். 'நன்' என்றால் ஒன்றுமில்லை. பின்பு உள்ளே, ஏடு நன் ஆக இருந்தால் புதிய பட்டியல் ஒன்றைத் தான்.ஏடு என்பதில் வையுங்கள். இப்போது முதல்.வெட்டு(500) என்று ஓட்டிவிட்டு இரண்டு ஏடுகளையும் அச்சிட்டுப் பாருங்கள். முதலாவதில் 500 இருக்கும். இரண்டாவது வெறுமையாக இருக்கும்.