பொத்தோசி வெள்ளி

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் ஒரு மலை நிற்கின்றது. 1545-ஆம் ஆண்டில் அதனுள் வெள்ளி இருப்பது வெளிப்பட்டது. குளிர் மிக்க அவ்விடத்தில் விரைவிலேயே பொத்தோசி என்னும் பெருநகர் எழுந்தது. இன்று பொலிவியாவைச் சேர்ந்த அந்நகர் அன்று ஸ்பெயின் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது.

வெள்ளியை வெட்டியெடுத்தவர் யாவர்? அம்மலைநாட்டுப் பழங்குடி மக்களே. அரசப் பிரதிநிதியாகிய தொலேதோ, 1570-களில் 'மித்தா' என்னும் கட்டாய உழைப்பு முறையை வகுத்தார். குறிக்கப்பட்ட ஊர்கள் ஆண்டுதோறும் தம் ஆடவருள் ஏழில் ஒரு பங்கினரைச் சுரங்கத்திற்கு அனுப்புதல் வேண்டும். அவர்கள் இருளில் தாதுச் சுமையுடன் ஏணி வழியே ஏறினர். ஊர் திரும்பாதோர் பலர்.

அவ்வெள்ளி பொத்தோசியின் அக்கசாலையிலேயே நாணயமாயிற்று. நாணயங்களுள் பெரியது 'எட்டு ரியால்'; ஏறத்தாழ 27 கிராம் எடையுள்ளது. வெள்ளிப் பாளத்தைத் துண்டுகளாக வெட்டி, எடையைச் சரிசெய்து, இரு அச்சுகளுக்கு இடையே வைத்துச் சம்மட்டியால் அடித்தனர். ஆதலின் ஒரு காசு மற்றொன்றைப் போல் இராது. விளிம்பும் கோணலாகவே இருக்கும். ஆயினும் அதனை எவரும் வெறுத்திலர். மன்னரின் சின்னத்தருகே மாற்றுப் பார்ப்பவருடைய பெயரின் முதலெழுத்து பொறிக்கப்பட்டிருந்தது. வெள்ளியின் தூய்மைக்கு அவ்வோரெழுத்தே பிணை. அதனை நம்பி ஐரோப்பியரும் சீனரும் அக்காசை ஏற்றனர். சோழமண்டலக் கரையில் துணி வாங்க வந்த கும்பினியாரும் ஸ்பானிய வெள்ளியையே கொணர்ந்தனர்.

1640-களில் அப்பிணை பொய்த்தது. வெள்ளி வணிகரும் அக்கசாலை அலுவலரும் கூடி, செம்பை அளவுக்கு மிஞ்சிக் கலந்தனர். ஐரோப்பிய வணிகர் பொத்தோசிக் காசை வாங்க மறுத்தனர். மன்னர் நான்காம் பிலிப்பு, நெஸ்தாரெஸ் மாரின் என்பவரை விசாரணைக்கு அனுப்பினார். பெருஞ்செல்வராகிய கோமெஸ் தெ லா ரோச்சா என்னும் வணிகர் 1650-இல் கொல்லப்பட்டார். மாற்றுப் பார்த்தவருள் ஒருவரும் அதே தண்டனை பெற்றார். பழைய காசுகளின் மதிப்பைக் குறைத்து ஆணை பிறந்தது. அதனால் நேர்ந்த இழப்பு குற்றவாளிகளோடு நின்றதா? இல்லை, அக்காசைக் கூலியாகவும் விலையாகவும் பெற்றிருந்த எளியோரையும் அது தாக்கியது.

1652-இல் புதிய அச்சு வந்தது. கடலலைமேல் இரு தூண்கள் நிற்பதாக அது அமைந்திருந்தது. மாற்றுப் பார்ப்பவரின் எழுத்தோ, இம்முறை ஓரிடத்தில் மட்டுமன்றிக் காசின் பல இடங்களில் பொறிக்கப்பட்டது.