பழைய ஈஸ்ட்டுக்குப் புது உயிர்



தலைப்பைப் பார்த்து பேக்கரி சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இது பீர் வடிக்கும் ஈஸ்ட்டைப் பற்றியது. குடியால் கெட்ட குடும்பங்களை எங்கள் தெருவிலேயே பார்த்து வளர்ந்தவன் நான். குடிக்கச் சொல்லி எழுதவில்லை. பாடத்தில் வரும் 'இனாக்குலம்' என்ற சொல்லைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் 1963 முதல் லைசென்ஸ் இல்லாமலே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் வடிக்கலாம். அமெரிக்காவில் இதற்கான மத்திய சட்டம் 1978-ல் கையெழுத்தாகி, 1979-ல் அமலுக்கு வந்தது. நம் தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஆகவே இது படித்துத் தெரிந்துகொள்ள மட்டுமே.

ஏன் சேகரிக்க வேண்டும்?

ஈஸ்ட் ஒரு செல் காளான். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன்-டை-ஆக்சைடையும் வெளியிடும். வேலை முடிந்ததும் பாத்திரத்தின் அடியில் படியும். போட்டதைவிடப் பல மடங்கு பெருகியிருக்கும். அதைக் கீழே கொட்டுவானேன்? அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கிறார்கள்.

இதை எங்கள் அம்மாவிடம் சொன்னேன். முதலில் "பீரா? இதுக்கா உன்னைப் படிக்க அனுப்பினோம்?" என்றார்கள். உறைமோர் மாதிரிதான் என்று விளக்கியதும், "சரி, பழைய உறை கெட்டுப்போயிருந்தா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அம்மா கேட்ட அந்தக் கேள்விதான் இந்தப் பாடத்தின் முக்கியமான கேள்வி. பீர் கெடுவதற்கு வேறு நுண்ணுயிரிகள் புகுவதே காரணம் என்று பாஸ்டர் 1876-ல் ஒரு புத்தகமே எழுதினார். டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் ஹான்சென் 1883-ல் ஒரே செல்லிலிருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார்.

செய்முறை

1. பீரை வடித்தபின் அடியில் நிற்கும் வண்டலில், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஊற்றிக் கலக்கி, 15 முதல் 20 நிமிடம் விட வேண்டும். கனமான கசடு முதலில் இறங்கும். மேலே பால் மாதிரி நிற்பதுதான் ஈஸ்ட். அதை மட்டும் கிருமி நீக்கிய பாட்டிலில் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

2. ஃபிரிட்ஜில் 2 முதல் 4 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் உபயோகித்தால் நல்லது. நாளாக ஆகச் செல்கள் சாகும்.

3. காய்ந்த மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 100 கிராமைத் தண்ணீரில் கரைத்து 1 லிட்டராக்கி, 15 நிமிடம் கொதிக்க வைத்து, மூடி, 20 முதல் 25 டிகிரிக்கு ஆற வைக்க வேண்டும். ஒப்படர்த்தி சுமார் 1.040 இருக்கும். கரைசல் கெட்டியானால் ஈஸ்ட் திணறும்.

4. பாட்டிலில் மேலே தெளிந்த நீரை இறுத்துவிட்டு, ஈஸ்ட்டை இதில் சேர்த்து, ஒரு நாள் மேக்னடிக் ஸ்டிரரில் சுழல விட வேண்டும். காற்று ஏன்? புதுச் செல்லின் சவ்வுக்கு வேண்டிய ஸ்டீராலை உண்டாக்க ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் தேவை.

5. திரும்பவும் குளிர வைத்தால் ஈஸ்ட் அடியில் படியும். மேல்நீரைக் கொட்டிவிட்டால் புது ஈஸ்ட் தயார்.

ஒரு கணக்கு

சாதாரண ஏல் வகைப் பீருக்கு, 1 மி.லி.க்கு, 1 டிகிரி பிளாட்டோவுக்கு 7.5 லட்சம் செல் வேண்டும். 12 டிகிரி பிளாட்டோ உள்ள 20 லிட்டருக்கு:

7.5 லட்சம் × 20,000 × 12 = 18,000 கோடி செல்.

கெட்டியான ஈஸ்ட் 1 மி.லி.யில் சுமார் 100 கோடி செல் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் 100 மி.லி. உள்ளது. ஆக 10,000 கோடி. மெத்திலீன் ப்ளூ ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செத்த செல் நீலமாகும், உயிருள்ளது நிறமில்லாமல் நிற்கும். 100-க்கு 60 உயிரோடு இருந்தால் கையிருப்பு 6,000 கோடிதான். ஸ்டிரரில் 1 கிராம் எக்ஸ்ட்ராக்டுக்குச் சுமார் 140 கோடி புதுச் செல் பிறக்கும் என்பது வழக்கமான கணக்கு. 100 கிராமுக்கு 14,000 கோடி. மொத்தம் 20,000 கோடி. தேவைக்கு மேலேயே ஆயிற்று!

ஜாக்கிரதை

வாயுவை அடைத்தால் பாட்டில் வெடிக்கும். ஆகவே மூடியை இறுக்கக் கூடாது. புளித்த வினிகர் வாடையோ, மேலே ஆடையோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். அம்மாவின் கேள்விக்குப் பதிலும் அதுவே. செத்ததைக் கணக்கு பார்த்து ஈடு செய்யலாம். கெட்டதைச் சரிசெய்ய முடியாது. பெருக்கினால் கெட்டதும் சேர்ந்தே பெருகும்.

தமிழ் மீடியத்தில் படித்து வந்த தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். 'இனாக்குலம்', 'வயபிலிட்டி' என்ற சொற்களைக் கண்டு மிரளாதீர்கள். உறை, உயிரோடு இருப்பது, அவ்வளவுதான் அர்த்தம். அர்த்தம் பிடிபட்டுவிட்டால் ஸ்பெல்லிங்கை ஒரே ராத்திரியில் மனப்பாடம் செய்துவிடலாம்.

– இரண்டாம் ஆண்டு, கெமிக்கல் பிரிவு