விழித்திரை ஆபரேஷன் முடிஞ்சாச்சா? அக்கா சொல்றதைக் கேளு!

தங்கச்சி, விலகிய விழித்திரையை ஒட்டியாச்சு, இனிக் கவலையில்லைன்னு பலர் செக்கப்புக்குப் போறதையே விட்டுடறாங்க. ஆனா நூற்றில் ஒருவர் அளவுக்கு, சில வாரத்திலோ மாதத்திலோ, ஏன் வருஷம் கழிச்சும்கூட மேக்குலாவில் சின்ன ஓட்டை விழலாம். மேக்குலாங்கிறது விழித்திரையின் நடுப்பகுதி; எழுத்து படிக்கவும் முகம் அடையாளம் காணவும் அதுதான் வேணும். ஓட்டை விழுந்தா வலிக்காது. நாமதான் தேடிக் கண்டுபிடிக்கணும்.

● ஒத்தைக் கண்ணால் பாரு: ரெண்டு கண்ணும் திறந்திருந்தா நல்ல கண் குறையை மறைச்சிடும். தினமும் காலையில் நல்ல கண்ணை அழுத்தாமல் பொத்திக்கிட்டு, குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட ஆம்ஸ்லர் கட்டத்தைப் பாரு. கட்டம் கையில் இல்லையா? கடைவீட்டு ஜன்னல் பலகைகளோ ஐந்தடி நடைபாதையின் தரை ஓடுகளோ போதும். கோடு நெளியுதா, நடுவில் அழிஞ்ச மாதிரி இருக்கான்னு கவனி.

● தேதி போட்டு வை: ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்சம் கோணல் மிச்சமிருக்கலாம். இப்போ தெரியறதைக் கட்டத்துமேலேயே பென்சிலால் வரைஞ்சு வை. நெளிவு கூடினா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதே.

● ஓசிடி ஸ்கேன் பத்திக் கேளு: விழித்திரைமேல் படியும் மெல்லிய சவ்வும் கோட்டை நெளிய வைக்கும். சவ்வா, ஓட்டையான்னு ஓசிடி காட்டிடும். ஊசி கிடையாது, சில நிமிஷ வேலை.

● ஓட்டைன்னா பயப்படாதே: 1991-ல் கெல்லி, வெண்டல் என்ற டாக்டர்கள் வழி காட்டியதிலிருந்து இதுக்கு ஆபரேஷன் இருக்கு. கண்ணுக்குள் வாயு நிரப்புவாங்க. பெரும்பாலும் ஓட்டை மூடிடும். பார்வை எவ்வளவு திரும்பும்ங்கிறது ஓட்டையின் அளவையும் எத்தனை நாள் ஆச்சுங்கிறதையும் பொறுத்தது.

● குப்புறப் படுக்கத் தயாராகு: ஓட்டை ஆபரேஷனுக்கு அப்புறம் முகம் கவிழ்ந்தே இருக்கச் சொல்வாங்க; எத்தனை நாள்னு டாக்டர் சொல்வார். ஆபரேஷனுக்கு முன்னாடியே தலையணை, ஸ்ட்ரா வாங்கி வை. பால் சேர்க்காத ‘கோப்பி ஓ’வை நல்லா ஆறவிட்டு, தலையை நிமிர்த்தாமலே ஸ்ட்ராவில் குடிக்கலாம். டெலிபோனைத் தரையில் வெச்சுப் பேசலாம்.

● கொடிமலை வேண்டாம்: உயரம் போகப்போக கண்ணுக்குள் இருக்கும் வாயு விரியும், அழுத்தம் ஏறும். பினாங்கின் 833 மீட்டர் கொடிமலையோ கேமரன் மலையோ, டாக்டர் சரின்னு சொல்றவரை போகாதே. விமானம் கூடவே கூடாது. பினாங்கிலிருந்து கோலாலம்பூர் போயே ஆகணும்னா டாக்டரைக் கேட்டுக்கிட்டு, ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய் ரயில் ஏறு. வாயு கரைய, வகையைப் பொறுத்து ரெண்டு வாரத்திலிருந்து ரெண்டு மாசம்வரை ஆகும்.

● கைப்பட்டையைக் கழற்றாதே: கண்ணுக்குள் வாயு இருக்குன்னு எச்சரிக்கத்தான் ஆஸ்பத்திரியில் கையில் பட்டை கட்டிவிடுறாங்க. வாயு இருக்கும்போது பல் டாக்டரிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்லிடு. நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தா கண் அழுத்தம் திடீர்னு எகிறும்.

● அன்னைக்கே ஓடு: ஓரத்தில் திரை விழுற மாதிரி நிழல், புதுசா மின்னல், கடும் வலி, இதில் எது வந்தாலும் நாளைக்குன்னு தள்ளாதே. பழைய ஆபரேஷன் தேதி, உள்ளே வெச்சது வாயுவா சிலிக்கான் எண்ணெயா, போடும் சொட்டு மருந்து, எல்லாம் ஒரே காகிதத்தில் எழுதிக் கையோடு கொண்டு போ. டாக்டர் கேட்கிற முதல் கேள்விகள் இவைதான்.