கிழிந்த திரையை மறுபடியும் நெய்யலாமா?



வேதாகமத்தை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்குகிறவர்களில் அநேகர் யாத்திராகமம் 25-ஆம் அதிகாரம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். செங்கடலைக் கடந்த வரலாறு வரையில் சுவையாக இருந்தது. அதற்குப்பின் இத்தனை முழம் நீளம், இத்தனை முழம் அகலம், இத்தனை கொக்கி என்று கடைக் கணக்குப்போல் வருகிறதே என்று சலித்துக்கொள்கிறார்கள். வேறு ஊர்க்காரர் அப்படிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். பொதட்டூர்பேட்டைக்காரர் சொல்லலாகாது. ஏனெனில் அந்த அதிகாரங்களில் பெரும்பகுதி நெசவுக் கணக்கு. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும்?

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்ட எபிரேயர் வனாந்தரத்தில் கூடாரமடித்து வாழ்ந்தார்கள். கூடாரத்தில் வாழும் மக்களோடு தாமும் கூடாரத்தில் வாழச் சித்தமானார் சர்வேசுரன். அதற்காக மோயீசனிடம் அவர் கேட்டது கற்கோட்டையல்ல, துணி.

நூலும் பாதமும்

பத்துத் துணிகள். ஒவ்வொன்றும் 28 முழ நீளம், 4 முழ அகலம். அதாவது ஏறக்குறைய 42 அடிக்கு 6 அடி. ஆறடி அகலத்துக்குத் துணி நெய்வது எப்பேர்ப்பட்ட வேலை என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். திரித்து முறுக்கிய வெள்ளை நார்நூலோடு நீலம், கருஞ்சிவப்பு, இரத்தச் சிவப்பு ஆகிய மூன்று சாய நூல்கள். ஐந்து துணிகளை ஒன்றாகவும், மற்ற ஐந்தை ஒன்றாகவும் இணைத்து, இரு ஓரங்களிலும் ஐம்பது ஐம்பது நீலக் காதுகள் வைத்து, ஐம்பது பொற்கொக்கிகளால் பூட்டவேண்டும். எதற்காக? உறைவிடம் ஒன்றாய் இருக்கும்படியாக என்று வேதமே காரணம் சொல்கிறது (யாத். 26:6). இரண்டாகக் கிடந்ததை ஒன்றாக்குவதற்கே பொன் செலவழிந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நூல் எங்கிருந்து வந்தது? வீடுகளிலிருந்து வந்தது. கைத்திறமுள்ள பெண்கள் தங்கள் கையால் நூற்றுக் கொண்டுவந்தார்கள். ஆட்டுமயிரையும் அவர்களே திரித்தார்கள். பெசலேல், ஒகோலியாப் என்ற இருவருக்கும் செதுக்கவும் தைக்கவும் நெய்யவும் ஞானத்தைக் கொடுத்தவர் சர்வேசுரனே (யாத். 35:35). ஆகையால் நெசவு ஒரு பிழைப்பு மட்டுமல்ல. தேவவரம் என்றும் வேதம் சொல்கிறது.

சுவர்ப்பலகைகள் வேலமரத்தின் இனமான மரத்தால் ஆனவை. அவற்றையும் திரையின் தூண்களையும் தாங்கிய நூறு பாதங்கள் வெள்ளியால் ஆனவை. அந்த வெள்ளி வந்த வழி இன்னும் கவனிக்கத்தக்கது. கணக்கெடுக்கப்பட்ட 6,03,550 ஆண்களும் தலைக்கு அரைச் சீக்கல் வெள்ளி கொடுத்தார்கள். பணக்காரன் அதற்கு மேல் கொடுக்கலாகாது; ஏழை அதற்குக் குறைக்கலாகாது (யாத். 30:15). பொன்னும் சாயநூலும் அவரவர் மனம்போலக் கொடுத்தது; அஸ்திவாரமோ எல்லோரும் சமமாகக் கொடுத்தது. தேவனுடைய வீடு நின்றது ஏழையும் பணக்காரனும் சரிசமமாகிய வெள்ளியின் மேல்தான்.

உள்ளே போவோம்

இப்போது அந்தக் கூடாரத்தினுள் மனத்தால் நடந்து செல்வோம். நூறு முழ நீளமும் ஐம்பது முழ அகலமும் உள்ள முற்றத்துக்கு வாசல் ஒன்றே. அது கிழக்கே இருந்தது. நானே வாசல் என்று சேசுநாதர் மொழிந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலைக் கடந்ததும் பலிபீடம். அப்பால் வெண்கலத் தண்ணீர்த்தொட்டி. அது பெண்கள் கொடுத்த கண்ணாடிகளை உருக்கிச் செய்தது. குருக்கள் கைகால் கழுவாமல் மேலே போகலாகாது. நம் கோவில் வாசலில் தீர்த்தத்தைத் தொட்டுச் சிலுவை அடையாளம் வரைகிறோமே, அதன் முன்னடையாளத்தை இங்கே காண்கிறோம். ஞானஸ்நானத்தின் நினைவு அது.

அடுத்து, கூடாரத்தின் முதற் பகுதியாகிய பரிசுத்த ஸ்தலம். ஒரு பக்கம் ஏழு அகல்கள் கொண்ட பொன்விளக்கு, மறுபக்கம் பன்னிரண்டு அப்பங்கள் வைத்த மேசை, நடுவே தூபபீடம். வெளிச்சம், அப்பம், செபம். இம்மூன்றும் இன்று நம் கோவிலில் எங்கே இருக்கின்றன என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஞானோபதேசம் படித்த பிள்ளை உடனே சொல்லும்.

அதற்கும் அப்பால் பத்து முழச் சதுரமான அதிபரிசுத்த ஸ்தலம். அங்கே உடன்படிக்கைப் பெட்டகம். அதன் முன் நான்கு தூண்களில் ஒரு திரை தொங்கிற்று. மூன்று சாய நூல்களால் கெருபீன்களின் உருவம் அமைத்து நெய்த திரை. மக்கள் முற்றத்தோடு நின்றார்கள். குருக்கள் பரிசுத்த ஸ்தலத்தோடு நின்றார்கள். திரைக்கு உள்ளே பிரதான குரு ஒருவர் மாத்திரம், வருஷத்தில் ஒரே நாள், இரத்தத்தோடு பிரவேசித்தார். சர்வேசுரன் மக்கள் நடுவில்தான் இருந்தார். ஆனால் நடுவில் ஒரு துணி இருந்தது.

திரை கிழிந்தது

பிற்காலத்தில் கூடாரத்தின் ஸ்தானத்தில் ஜெருசலேமில் கல்லாலான தேவாலயம் எழுந்தது. அங்கும் திரை இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமையன்று கல்வாரியில் நமது ஆண்டவர் உயிர்விட்ட அதே வேளையில் அந்தத் திரை மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்தது என்று சுவிசேஷகர் எழுதுகிறார்கள். நெசவாளிகளே, இதை யோசியுங்கள். மனிதன் துணியைக் கிழித்தால் கைக்கு எட்டும் கீழ் ஓரத்திலிருந்து கிழிப்பான். இது மேலிருந்து கிழிந்தது. கிழித்தவர் யார் என்று சொல்லவேண்டுவதில்லை. அந்தத் திரை சேசுநாதருடைய திருச்சரீரத்தின் அடையாளம் என்று எபிரேயருக்கு எழுதிய நிருபம் விளக்குகிறது (10:20). அவருடைய சரீரம் கிழிக்கப்பட்டதால் நமக்கு வழி திறந்தது. அந்த ஒரே வழியாகத்தான் பாட்டியம்மாளும் பள்ளிப்பிள்ளையும் இன்று தேவநற்கருணை வாங்க முன்னே வருகிறார்கள்.

நற்கருணைப் பேழைக்கு வழங்கும் இலத்தீன் சொல்லுக்குக் கூடாரம் என்பதே பொருள். சில கோவில்களில் பேழையின்மேல் ஒரு சிறு பட்டுத்திரை போட்டிருப்பார்கள். மறைப்பதற்காக அல்ல, உள்ளே ஒருவர் குடியிருக்கிறார் என்று காட்டுவதற்காக. பக்கத்தில் எரியும் விளக்கும் அதையே சொல்கிறது.

மனிதர் எழுப்பும் தடுப்புகள்

திரை ஒன்றுதானா தடையாயிருந்தது? ஜெருசலேம் தேவாலய முற்றத்தில் புறஜாதியார் தாண்டக்கூடாத தடுப்புச் சுவரும் இருந்தது. தாண்டுகிறவன் தன் சாவுக்குத் தானே காரணம் என்று கிரேக்க மொழியில் பொறித்த அதன் கல் ஒன்று 1871-ல் கண்டெடுக்கப்பட்டது. பிரிக்கும் சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்று அர்ச். சின்னப்பர் எபேசியருக்கு எழுதுகிறார் (2:14).

அவர் தகர்த்ததை நம்மவர்கள் திரும்பக் கட்டிய வரலாறும் உண்டு. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்ற பழைய கத்தோலிக்க ஊர் இருக்கிறது. 1745-ல் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. சாதி பாராமல் எல்லோரோடும் பழகி, வேதத்துக்காக உயிர் கொடுத்த அவரை 2022 மே 15-ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார். அதே ஊரில் 1870-களில் வழங்கிவந்த பெரிய கோவில், காற்சட்டையின் இரண்டு கால்களைப்போல் இரண்டு மண்டபங்களாய் இருந்தது. பீடம் ஒன்று, சாதிக்கொரு மண்டபம், இடையே சுவர். 1910-ல் கௌசானல் சுவாமியார் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு நீதிமன்றம் வரையில் போயிற்று. ஆனால் இடித்த சுவர் திரும்ப எழும்பவில்லை.

அது எங்கோ தெற்கே நடந்தது என்று நாம் ஆறுதல்பட்டுக்கொள்ளலாமா? நமது பக்கத்துத் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகளுக்கு எல்லைக்கோட்டின் வருத்தம் தெரியும். 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் இவை சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தன. கோடு எந்தப் பக்கம் போனாலும் தெலுங்கு பேசுகிற வீடும் தமிழ் பேசுகிற வீடும் ஒரே தெருவில் வாழ்ந்தே வருகின்றன. தேசத்தின் கோட்டைத் தாண்டி வாழத் தெரிந்த நமக்கு, கோவிலுக்குள் கோடு போடாமல் இருக்கத் தெரிய வேண்டாமா?

கல்லால் கட்டிய சுவரைக் கடப்பாரை கொண்டு இடிக்கலாம். நூலால் நெய்யும் திரையோ கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தக் குடும்பத்தார் உட்காரும் இடத்தில் நாம் உட்காருவதில்லை. அது ஒரு இழை. அவர்கள் வீட்டுச் சாவுக்குப் போனாலும் தண்ணீர் குடிப்பதில்லை. அது ஒரு இழை. கல்லறைத் தோட்டத்திலும் உன் பக்கம், என் பக்கம். அது ஒரு இழை. தறிக்கொட்டகையைப் பாகம் பிரித்த நாள்முதல் அண்ணனும் தம்பியும் ஒரே பூசைக்கு வந்து வேறு வேறு வாசலால் வெளியே போகிறார்கள். அது ஊடைமேல் ஊடை. கடன்பட்டவன், கூலிக்குப் போகிறவன், நல்ல சட்டை இல்லாதவன் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்கிறான். அங்கே நில் என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. முன்னே வா என்று யாராவது சொன்னதுண்டா?

இப்படி இழை இழையாக நாம் நெய்வது எது? சேசுநாதர் தமது சரீரத்தைக் கொடுத்துக் கிழித்த அதே திரையை. அதை நெய்துகொண்டே நற்கருணை வாங்க முன்னே வருகிறோம். காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு சமாதானமாகு என்று ஆண்டவர் கற்பித்தது (மத். 5:24) மலையில் கூடியிருந்தவர்களுக்கு மட்டுமல்ல, நமக்கும்தான். குருவாகிய நானும் இதற்கு விலக்கல்ல. முன் வரிசையில் இருப்பவர்களின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, பின்னால் நிற்பவரின் பேரைக் கேளாமலே எத்தனை ஞாயிறு போயின என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

நற்பிரதிக்கினை

1. இந்த வாரம் யாத்திராகமம் 26-ஆம் அதிகாரத்தை வீட்டில் சத்தமாக வாசியுங்கள். நெசவு தெரிந்த பெரியவர் பிள்ளைகளுக்கு விளக்கட்டும்.

2. அடுத்த ஞாயிறு பூசையில் நீங்கள் எப்போதும் உட்காராத இடத்தில், இதுவரை பேசாத குடும்பத்தின் பக்கத்தில் உட்காருங்கள்.

3. பேச்சுவார்த்தை நின்றுபோன ஒருவர் உங்களுக்கு இருந்தால், நற்கருணை வாங்குமுன் அவர் வீட்டுப்படி ஏறுங்கள். யார் முதலில் போவது என்று பார்க்கவேண்டாம். பொற்கொக்கி இரண்டு துணிகளில் எதற்குச் சொந்தம் என்று யாரும் கேட்டதில்லை. இணைப்பதே அதன் வேலை.