காக்கத் தகுந்த வீதி எது?

"உங்கள் ஊர் எங்கே?" என்று யாராவது கேட்டால் நாம் பெரும்பாலும் வீதியிலிருந்துதான் பதிலைத் தொடங்குகிறோம். "பிரதான வீதியில் இறங்கி, புளியமரத்தடியில் திரும்பி, வாய்க்கால் கரையோடு போனால் வரும்" என்கிறோம். வீட்டையும் வளவையும் விட்டு வந்து ஆண்டுகள் பல சென்றாலும் அந்த வழி மனதில் இருக்கிறது. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக்கூட அந்தப் புளியமரத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

சில நாடுகளில் அரசாங்கங்கள் குறிப்பிட்ட சில வீதிகளைத் தெரிவு செய்து, 'எழில் வீதி' என்று பெயரிட்டுச் சட்டத்தினால் பாதுகாக்கின்றன. எந்த வீதி அதற்குத் தகுதி உடையது? அதை யார் தீர்மானிப்பது? வீதியோரத்து விவசாயிக்கு அதனால் நன்மையா, தீமையா? இவற்றையே இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

காணி இழந்து நிற்கும் எமக்கு வீதியின் அழகு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு வீதியை அகலிக்கும்போதும் அழகுபடுத்தும்போதும் எந்த மரம் நிற்கும், எந்த வேலி பின்தள்ளப்படும், எந்த வயல் எடுக்கப்படும் என்பதை யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார். அந்த வேளையில் வயலுக்குரியவர் வாய் திறந்து பேச வேண்டுமானால், இந்த விடயம் அவருக்கு முன்கூட்டியே விளங்கியிருக்க வேண்டும்.

1. எதைக் கொண்டு அளக்கிறார்கள்?

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1963 ஆம் ஆண்டில் எழில் வீதிகளுக்கான திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அங்கே மூன்று விடயங்களைப் பார்க்கிறார்கள். வீதியில் போகும் ஒருவருக்கு இயற்கை நிலம் எவ்வளவு கண்ணில் படுகிறது? அந்தக் காட்சியின் தரம் எத்தகையது? கட்டடங்களும் பிற வேலைகளும் அந்தக் காட்சியை எவ்வளவு கெடுத்துள்ளன?

இந்த மூன்றும் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே அளக்கின்றன. 1991 ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய அரசாங்கம் நாடு முழுவதற்கும் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தபோது அளவுகோலை விரிவாக்கியது. காட்சி எழில், இயற்கை வளம், வரலாறு, பண்பாடு, தொல்பொருள், ஓய்வு நேரப் பயன் என ஆறு தகைமைகள் வகுக்கப்பட்டன. ஒரு வீதிக்கு இவற்றில் ஒன்றாவது அந்தப் பிரதேச அளவில் சிறப்பாக இருந்தால், அது தேசிய எழில் வீதியாகலாம். நாட்டளவில் சிறப்பான இரண்டு தகைமைகள் இருந்தால் அதற்கும் மேலான நிலை வழங்கப்படும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். அலபாமா மாநிலத்தில் செல்மா என்னும் ஊரிலிருந்து மொன்ட்கொமறி நகருக்குச் செல்லும் 54 மைல் வீதி, 1996 ஆம் ஆண்டில் அந்த மேலான நிலையைப் பெற்றது. அங்கே மலையோ கடலோ இல்லை. 1965 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், வாக்குரிமை மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் ஐந்து நாட்கள் அந்த வீதியால் நடந்து சென்று தமது உரிமையைக் கேட்டார்கள். மக்கள் நடந்த நடையே அந்த வீதியைப் பாதுகாக்க வேண்டிய வீதியாக்கியது.

ஆகவே முதலாவதாக ஒன்றை மனதில் கொள்வோம். வீதியின் சிறப்பு தாரில் இல்லை. அதன் இரு பக்கங்களிலும், அதனால் போய்வந்த மக்களிடத்திலுமே இருக்கிறது.

2. மலையோடு ஒட்டிய ஒரு வீதி

இனி ஒரு வீதியைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அமெரிக்காவின் வேர்ஜீனியா, வட கரோலினா ஆகிய மாநிலங்களின் மலைகளில் 'புளூ ரிட்ஜ் பார்க்வே' என்ற வீதி உள்ளது. அதன் நீளம் 469 மைல். அதாவது சுமார் 755 கிலோமீற்றர். வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்த காலத்தில், மக்களுக்கு வேலை கொடுக்கும் நோக்கமும் சேர்ந்து, 1935 இல் கட்டத் தொடங்கினார்கள். கடைசித் துண்டு 1987 இல்தான் திறக்கப்பட்டது. இடையில் 52 ஆண்டுகள் சென்றன.

நிலத்தோற்ற வடிவமைப்பாளரான ஸ்ரான்லி அபொட் என்பவர் இதன் தொடக்க வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்தார். மலையை நேராக வெட்டிச் செல்லாமல் அதன் வளைவுகளோடு வீதி போகிறது. விளம்பரப் பலகைகளுக்கு இடமில்லை. வணிகப் பொருள் ஏற்றும் லொறிகளுக்கு அனுமதியில்லை. வேகமும் பெரும்பாலும் மணிக்கு 45 மைலுக்கு மேற்படாது.

கடைசித் துண்டில் ஒரு செங்குத்தான மலைச்சரிவு இருந்தது. வெட்டினால் பாறையும் மரமும் சரிந்துவிடும். ஆகவே 1,243 அடி நீளமான பாலம் ஒன்றைச் சரிவின் ஓரமாகக் கட்டினார்கள். வேறிடத்தில் வார்த்த கொங்கிறீற்றுத் துண்டுகளைக் கொண்டுவந்து, கட்டி முடிந்த பகுதியின் மேல் நின்றே அடுத்த துண்டைப் பொருத்தினார்கள். கீழே வேலைக்கென்று தனிப் பாதை வெட்டவில்லை.

காசும் காலமும் செலவழித்தால் ஒரு வீதியால் நிலத்தைச் சிதைக்காமல் போக முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

3. அந்த அழகைச் செய்தவர்கள் யார்?

இந்த வீதியால் போகிறவர்கள் மலைக்காட்டை மட்டும் பார்ப்பதில்லை. இடையிடையே புல்வெளி, மேயும் மாடு, மரக்கட்டை வேலி, வைக்கோல், பழைய களஞ்சியம் ஆகியவையும் தெரிகின்றன. அந்தத் திறந்த வெளிகள் தாமாக உண்டானவை அல்ல. தலைமுறை தலைமுறையாகக் காட்டை வெட்டி, கல் பொறுக்கி, மாடு மேய்த்த விவசாயிகள் உண்டாக்கியவை. அந்த மலைகளில் ஒரு வயலைச் சில பத்தாண்டுகள் கைவிட்டால் காடு மூடிவிடும். எமது பக்கத்தில் விட்டுவந்த வயலில் பற்றை வளர்ந்ததைக் கண்டவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

வீதியை அமைத்தவர்களும் இதை உணர்ந்தார்கள். எடுத்த காணியின் ஒரு பகுதியை அயலிலுள்ள விவசாயிகளுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். அவர்கள் அதில் புல் வெட்டுவார்கள், மாடு மேய்ப்பார்கள், பயிர் செய்வார்கள். அவர்களுடைய உழைப்பால் காட்சி திறந்தபடியே இருக்கும். விவசாயம் நின்றால் பார்ப்பதற்கு வந்த காட்சியும் நின்றுவிடும் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

4. இழந்தவர்களின் பக்கம்

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. இந்த வீதியின் வட முனையில் ஷெனண்டோவா தேசியப் பூங்கா உள்ளது. அதன் மலைமுகட்டால் 105 மைல் நீளமான வேறொரு எழில் வீதி செல்கிறது. பூங்காவுக்காக 1930களில் சுமார் 500 குடும்பங்கள் தமது இடங்களிலிருந்து அகற்றப்பட்டன. காணி உறுதி உள்ளவர்களுக்கு நட்டஈடு கிடைத்தது. குத்தகைக்கு இருந்தவர்களுக்கும் உறுதியில்லாமல் இருந்தவர்களுக்கும் காணிக்கென்று எதுவும் கிடைக்கவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் அண்மைக் காலத்தில் அந்த மலையடிவாரத்து ஊர்களில் கல்லினால் புகைபோக்கி வடிவத்தில் நினைவுச் சின்னங்கள் கட்டி, அகற்றப்பட்ட குடும்பங்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். 80 ஆண்டுகள் சென்றும் அந்தப் பெயர்கள் மறக்கப்படவில்லை.

பார்க்வே வீதியோரத்திலும் மனத்தாங்கல் இருந்தது. வீதி வந்தால் தமது விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்று பல விவசாயிகள் நம்பியிருந்தார்கள். வீதி வந்தபின், லொறி போகக்கூடாது என்றும், நினைத்த இடத்தில் வீதிக்கு ஏற முடியாது என்றும் அறிந்தார்கள். அவர்களுடைய காணியால் போன வீதி அவர்களுக்குப் பயன்படவில்லை.

இன்னொன்றும் நடந்தது. வேர்ஜீனியாவில் மாப்ரி என்னும் குடும்பத்தின் தண்ணீர் ஆலை வீதியோரத்தில் இருக்கிறது. அந்தக் குடும்பம் பலகையால் கட்டிய நல்ல வீட்டில் வாழ்ந்தது. மலைவாசிகள் என்றால் மரக்குற்றிக் குடிலில்தான் இருப்பார்கள் என்று பயணிகள் எண்ணியிருந்தார்கள். அதற்கேற்ப அந்த வீட்டை அகற்றிவிட்டு, பின்னர் வேறிடத்திலிருந்து ஒரு மரக்குற்றிக் குடிலைக் கொண்டுவந்து ஆலையின் அருகில் வைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே வாழ்ந்தவர்களின் உண்மையான வாழ்க்கை அந்தப் படத்தில் இல்லை.

மறுத்துப் பேசி வென்றவர்களும் உண்டு. வட கரோலினாவில் செரோக்கி என்னும் ஆதிக்குடி மக்களின் காணியில், அவர்களின் நல்ல விளைநிலம் உள்ள பள்ளத்தாக்கால் இந்த வீதியைக் கொண்டுபோகத் திட்டமிட்டிருந்தார்கள். மலைநாட்டில் சமதரையான நிலம் கொஞ்சம்தான். அதில் அகலமான ஒரு பட்டையை இழக்க அந்த மக்கள் இணங்கவில்லை. பல ஆண்டுகள் பேச்சு நடந்தது. ஈற்றில் வீதி மலைமுகட்டுக்கு மாற்றப்பட்டது. பள்ளத்தாக்கில் எல்லோரும் பயன்படுத்தக்கூடிய ஒரு சாதாரண வீதி அமைப்பதென்றும் இணக்கம் காணப்பட்டது. 1940 இல் அதற்குச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று முகட்டால் போகும் அந்தப் பகுதியும் அழகானதே. விளைநிலத்தைக் காத்ததனால் வீதியின் எழில் குறையவில்லை.

5. காணியை எடுக்காமல் காப்பது எப்படி?

காட்சியைக் காப்பதற்குக் காணியை முழுதாக எடுக்க வேண்டும் என்பதில்லை. காணியின் உறுதி விவசாயியிடமே இருக்கும். அவர் முன்போலவே பயிர் செய்வார். வீதியோரத்தில் விளம்பரப் பலகை போடமாட்டேன், பெரிய கட்டடம் கட்டமாட்டேன், மரங்களை அழிக்கமாட்டேன் என்று மட்டும் எழுதிக் கொடுப்பார். அந்த வாக்குறுதிக்கு ஒரு தொகைப் பணம் பெறுவார். பிறகு காணியை வாங்குபவரையும் அந்த எழுத்து கட்டுப்படுத்தும்.

பார்க்வேயில் இந்த முறையைக் கையாண்டபோது பல இடர்கள் வந்தன. எதற்குக் கையெழுத்து வைத்தோம் என்பது பல விவசாயிகளுக்கு விளங்கவில்லை. பின்னர் மரம் வெட்டியபோது தகராறு ஏற்பட்டது. 1950களில் விஸ்கொன்சின் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றோர வீதிக்கு இதே முறையைக் கொண்டுவந்தார்கள். அங்கே அது நல்ல பலனைத் தந்தது. விவசாயம் தொடர்ந்தது, ஆற்றங்கரைக் காட்சியும் நிலைத்தது. வாசித்து விளங்காத எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வைக்கக்கூடாது என்று எமது பெரியவர்கள் சொல்வது இங்கும் பொருந்தும்.

1991 ஆம் ஆண்டுத் திட்டத்தில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. வீதியோரத்து மக்களைக் கலந்துபேசி, எதை எப்படிக் காப்பது, எங்கே புதிய கட்டடங்கள் வரலாம், யார் எதற்குப் பொறுப்பு என்பதை ஒரு திட்டமாக எழுத வேண்டும். பெயர்ப் பலகை நட்டுவிட்டால் வீதி காப்பாற்றப்பட்டுவிடாது. நாள்தோறும் காக்கும் கைகள் வேண்டும்.

6. எமது வீதியை எழுதி வைப்போம்

இதுவரை படித்ததிலிருந்து ஒரு வீதியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளை இவ்வாறு தொகுக்கலாம்:

• இந்த வீதியால் போகும்போது கண்ணில் படும் சிறப்பானவை எவை?
• அவற்றை உண்டாக்கியவர்கள் யார்? இன்று பேணுகிறவர்கள் யார்?
• இங்கே என்ன நடந்தது? எந்த நினைவு இந்த வீதியோடு சேர்ந்துள்ளது?
• பாதுகாத்தால் வீதியோரத்து மக்கள் எதைப் பெறுவார்கள்? எதை இழப்பார்கள்?
• அவர்களைக் கேட்டார்களா?

கடைசி இரு கேள்விகளுக்கும் நல்ல பதில் இல்லாவிட்டால், எவ்வளவு அழகான வீதியானாலும் அந்தத் திட்டத்தில் குறை இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

ஊருக்குத் திரும்பியவர்கள் ஒரு கொப்பியோடு தமது வீதியில் ஒருமுறை நடந்து பாருங்கள். நிழல் தரும் வேம்பு, மருது, பனை வரிசை, குளக்கட்டு, வாய்க்கால், பழைய கிணறு, தெருமூடி மடம், மாடு கடக்கும் இடம் ஆகியவற்றை வரிசையாகக் குறியுங்கள். வீதியை அகலிக்க வரும்போது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கையில் அந்தப் பட்டியல் இருக்கட்டும். "இந்த மருதை விட்டு மற்றப் பக்கத்தால் அகலியுங்கள்" என்று சொல்வதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும்.

இன்னும் திரும்ப முடியாதவர்கள் நினைவிலிருந்தே வரையலாம். ஒரே ஊரைச் சேர்ந்த நான்கைந்து குடும்பங்கள் ஒன்றுகூடி, நிலத்தில் தடியால் வீதியைக் கீறுங்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் சொல்வார். வயது முதிர்ந்தவர்களை முதலில் பேசவிடுங்கள். யாருடைய வளவு எங்கே தொடங்கியது, எந்த மரம் எல்லையாக இருந்தது என்பதையும் குறியுங்கள். பின்பு எழுத்தறிந்த பிள்ளை ஒருவர் அதைத் தாளில் வரையட்டும். வரைந்த திகதியையும், கூடியிருந்தோர் பெயர்களையும் கீழே எழுதுங்கள். நாளை அந்த வீதியில் என்ன செய்யலாம் என்று யாராவது திட்டமிடும்போது, அங்கே வாழ்ந்தவர்கள் எதை அறிந்திருந்தார்கள் என்பதற்கு அந்தத் தாள் சாட்சியாக இருக்கும்.

கலந்துரையாடுவதற்கு

1. எமது ஊர் வீதியில் எந்த ஒன்று இல்லாமற் போனால் அது எமது வீதியாக இருக்காது? ஏன்?
2. செரோக்கி மக்கள் வீதியே வேண்டாம் என்று சொல்லாமல், வேறு வழியால் கொண்டுபோகச் செய்தார்கள். இதிலிருந்து எமது சங்கம் எதைக் கற்கலாம்?
3. மாப்ரி குடும்பத்தின் வீட்டை அகற்றியது சரியா? எமது ஊரைப் பார்க்க வருவோருக்கு நாம் எதைக் காட்ட விரும்புவோம்?
4. அடுத்த கூட்டத்துக்கு முன், ஒவ்வொரு குடும்பமும் தமது வீட்டுப் படலையிலிருந்து பிரதான வீதி வரையுள்ள வழியை வரைந்து கொண்டுவர முடியுமா?