மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது
(இதய வால்வு மாற்றிய சகோதரிகளுக்கும் அவர்கள் குழுவுக்கும்)



குழுக் கூட்டத்தில் சேமிப்பு பற்றிப் பேசுகிறோம், உள்கடன் பற்றிப் பேசுகிறோம். உடம்பைப் பற்றி மட்டும் பேச்சே வருவதில்லை. பெரம்பலூர், அரியலூர் பக்கம் பருத்தி எடுக்கவும், மக்காச்சோளக் காட்டுக்கும், முந்திரிக் காட்டுக்கும் போகிற நம் பெண்களில் இதய வால்வு மாற்றிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். "அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே, இனிமே என்ன?" என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு அந்த உயிரைக் காப்பது தினமும் போடுகிற ஒரு சின்ன மாத்திரைதான். இந்த மாதம் அதைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

வால்வு ஏன் கெடுகிறது?

ஏரிக்கு மதகு எப்படியோ, இதயத்துக்கு வால்வு அப்படி. ரத்தத்தை ஒரு பக்கமாக விடும், திரும்பி வராமல் அடைக்கும். இப்படி நான்கு வால்வுகள் இருக்கின்றன. 5 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்கு வரும் ஒரு வகைத் தொண்டைப் புண்ணுக்கு சரியாக வைத்தியம் பார்க்காவிட்டால், சிலருக்கு அது ருமாட்டிக் காய்ச்சலாக மாறும். முட்டி, கணுக்கால் என்று மாறி மாறி வலிக்கும். "வளர்ற புள்ளைக்கு கால் வலிக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடுகிறோம். வலி போய்விடும். வால்வில் ஏற்பட்ட தழும்பு போகாது. பல வருஷம் கழித்து, சில பெண்களுக்கு கர்ப்பமாக இருக்கும்போது மூச்சு வாங்கிய பிறகுதான் விஷயமே தெரிகிறது.

இந்தக் காய்ச்சல் வந்தவர்களுக்கு 21 நாளுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போடச் சொல்வார்கள். டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை இதை விடக் கூடாது.

செயற்கை வால்வும் மாத்திரையும்

ஒரு காலத்தில் செயற்கை வால்வு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலையும் அதிகம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் நம் நாட்டிலேயே ஒரு வால்வை உருவாக்கினார்கள். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தினார்கள். 'சித்ரா வால்வு' என்று அதற்குப் பெயர். இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தியிருக்கிறார்கள்.

இந்த மாதிரி உலோக வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அப்படி உறைந்தால் வால்வு அசையாமல் நின்றுவிடலாம். உறைந்த கட்டி மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். அதைத் தடுக்கத்தான் அசிட்ரோம், வார்பரின் போன்ற மாத்திரைகள். ஆயுள் முழுக்கப் போட வேண்டும்.

மாத்திரை குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் ரத்தம் கசியும். சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை. இந்த மாத்திரை போடாதவர்களுக்கு அது 1 அளவில் இருக்கும். வால்வு மாற்றியவர்களுக்குப் பெரும்பாலும் 2-க்கும் 3.5-க்கும் இடையில் வைப்பார்கள். உங்களுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை

1. தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை போடுங்கள். போட்டதும் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். சேமிப்புப் பணத்தைப் பாஸ்புத்தகத்தில் பதிகிற மாதிரிதான் இதுவும்.

2. மறந்துவிட்டால், அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் வழக்கமான அளவு மட்டும் போதும். இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்துப் போடக் கூடாது.

3. கீரையை ஒதுக்க வேண்டாம். ஆனால் ஒரு வாரம் தினமும் முருங்கைக் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று இருக்கக் கூடாது. அளவு ஒரே சீராக இருக்கட்டும்.

4. உடம்பு வலிக்கு கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ரத்தக் கசிவு வரலாம். நாட்டு மருந்தாக இருந்தாலும் டாக்டரைக் கேட்டுத்தான்.

5. பல் பிடுங்கும் முன்பும், ஊசி போடும் முன்பும் "வால்வு மாற்றியிருக்கு, இந்த மாத்திரை போடுறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

6. குழந்தை வேண்டும் என்றால் கர்ப்பமாகும் முன்பே டாக்டரைப் பாருங்கள். இந்த மாத்திரை முதல் மூன்று மாதத்தில் கருவைப் பாதிக்கலாம். ஆனால் நாமே நிறுத்தினால் தாய் உயிருக்கு ஆபத்து. நாள் தள்ளிப் போனால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.

உடனே 108-ஐ அழைக்க

வாய் கோணினால், பேச்சு குழறினால், ஒரு பக்கக் கை கால் செயலிழந்தால், திடீரென்று மூச்சு முட்டினால், தலையில் பலமாக அடிபட்டால் நேரம் கடத்தாதீர்கள். உலோக வால்வின் 'டிக் டிக்' சத்தம் மங்கினாலும் நின்றாலும் உடனே போக வேண்டும். சிறுநீரில் ரத்தம், கறுத்த மலம், நிற்காத உதிரப்போக்கு இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

குழு என்ன செய்யலாம்?

ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதன் பிறகு மாதாமாதம் ஆகிற பஸ் செலவும், அன்றைக்குப் போகிற கூலியும்தான் கையைக் கடிக்கும். "இந்த மாசம் பள்ளிக்கூட செலவு இருக்கு, டெஸ்ட் அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று நம் பெண்கள் தள்ளிப் போடுவது இங்கேதான். தன் மருந்தைக் கடைசியாக வைப்பது நம் எல்லோருக்கும் பழகிப்போன குணம். இந்தச் செலவுக்கு அவசர உள்கடன் கொடுக்கத் தீர்மானம் போடுங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் அவர் பரிசோதனைத் தேதியைக் குறித்து வைத்து, முந்தின நாள் ஞாபகப்படுத்துங்கள். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருச்சி, தஞ்சாவூர் என்று போகிறவர்கள், பக்கத்தில் எங்கே ஐ.என்.ஆர். எடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

குழுவில் பேசுவோம்

* நம் குழுவில் தினமும் மருந்து சாப்பிடுகிறவர்கள் யார் யார்?
* அவர்களில் யாராவது போன மாதம் மாத்திரையை நிறுத்தினார்களா? ஏன்?
* தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வலி உள்ள குழந்தை யார் வீட்டில் இருக்கிறது? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு யார் கூட்டிப் போவது?