எல்.இ.டி. விளக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கொல்லிமலைக் குண்டூர் நாட்டு விவசாயி தோட்டத்திலிருந்து திரும்பிய பின்னர், மிளகு பொறுக்குவதும் பிள்ளைகள் படிப்பதும் விளக்கொளியில்தான். சமவெளியில் நெசவாளருக்கும் இரவில் தறியடியில் வேலை உண்டு. ஆகவே விளக்கு நமக்கு அலங்காரமன்று; தொழிற்கருவியாகும்.

கடையில் நாம் வழக்கமாகக் கேட்பது, "எத்தனை வாட்?" என்பதே. வாட் என்பது விளக்கு செலவழிக்கும் மின்சாரத்தின் அளவு. அது தரும் ஒளியின் அளவு லூமன். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த சுமார் 800 லூமன் ஒளியை 9 வாட் எல்.இ.டி. தருகிறது. நாள்தோறும் 5 மணி நேரம் எரித்தால், 30 நாட்களில் முன்னதற்கு 9 யூனிட்; பின்னதற்கு 1.35 யூனிட்டே. ஒரே வாட் உள்ள இரண்டில் லூமன் மிகுந்ததை வாங்குவதே சிக்கனம்.

அடுத்தது ஒளியின் சாயல். 2700 கெல்வின் என்றால் மஞ்சள் ஒளி. 6500 என்றால் வெண்ணொளி. படுக்கையறைக்கு முன்னதும் வேலைக்குப் பின்னதும் ஏற்றவை. எனினும் வெண்மையாக எரிவதாலேயே ஒரு விளக்கு நூலின் நிறத்தை மெய்யாகக் காட்டிவிடாது. அதனைத் தெரிவிப்பது சி.ஆர்.ஐ. என்னும் எண், அதன் உச்சம் 100. வீட்டிற்கு 80 போதும். வண்ண நூல் சேர்ப்போர்க்கு 90க்குக் குறையாதிருத்தல் நலம். நிறம் மாறிய ஊடையை நெய்து முடித்தபின் பகலில் கண்டு வருந்திப் பயனில்லை.

மின்னழுத்தம் ஏறியிறங்கும் இடங்களில், பெட்டியில் அச்சிட்ட வோல்ட் எல்லை அகன்றுள்ள விளக்கே தகும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை, மின்சிக்கன நட்சத்திரங்கள், உத்தரவாதக் காலம் ஆகியவற்றையும் பார்த்து, ரசீது பெற்று வாங்குவோமாக.